பாவாடை விளிம்பின் கோடு: ஆண்டு இறுதியில் கத்தோலிக்கப் பள்ளி

அருள்தந்தையரே, அருள்சகோதரிகளே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு இறுதி நன்றித் திருப்பலிக்கு (பூசைக்கு) நாள் குறிக்கும்போது தேர்வு நாள்காட்டி, திருச்சபை நாள்காட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2025ஐப் பாருங்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 3இல் தொடங்கியது. மார்ச் 5, தவக்காலம் என்னும் நோன்புக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 15இல் முடிந்தது. ஏப்ரல் 20இல் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). தவக்காலத்தில் அல்லேலூயா என்னும் மகிழ்ச்சி ஆர்ப்பரிப்பைப் பாடுவதில்லை, பீடத்தில் பூ வைப்பதில்லை, இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கும். இதைக் கவனிக்காமல் பிள்ளைகளை ஒரு மாதம் அல்லேலூயா பழகவிட்டு, முந்தின நாள் மாலை வேண்டாம் என்றால் அந்த முகங்கள் வாடிப்போகும். நாள் உயிர்ப்புக்குப் பிறகு அமைந்தால் வாய் நிறையப் பாடட்டும்.

இன்னொன்று இதைவிட வலிக்கும். ஏப்ரல் கடைசியில் நாம் நன்றி சொல்லக் கூடும்போது, பள்ளியை விட்டே போகிற பன்னிரண்டாம் வகுப்பு அங்கே இருப்பதில்லை. ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பீடத்தருகே வைத்து ஆசீர் பெறும் நாள்தான் அவர்களுக்கு விடைபெறும் நாள். அதை மதிப்பெண்ணுக்கான மன்றாட்டோடு முடித்துவிடாதீர்கள். நன்றி சொல்லும் நேரத்தையும் அன்றே கொடுங்கள்.

நம் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போக, மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்கிறார்கள். அவர்கள் விருந்தாளிகள் அல்லர், இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். பெற்றோரின் இசைவில்லாமல் எந்தச் சிறுவரையும் வழிபாட்டில் பங்கேற்கச் செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு. இந்திய ஆயர் பேரவையும் 2024இல், பிற சமய மாணவர்மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது எனப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே எல்லாருக்கும் பொதுவான நன்றி வழிபாட்டைக் காலை வெயில் ஏறுமுன் இருபது நிமிடத்தில் தனியே வைப்பது நல்லது. திருப்பலிக்கு விரும்பி வருகிற பிற சமயப் பிள்ளைகளுக்கு, நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்குவோர் யார், அமர்ந்திருப்போர் யார் என்பதை முந்தின நாள் வகுப்பிலேயே கனிவாகச் சொல்லிவிடுங்கள். அதை மைக்கில் அறிவித்தால் ஒரு பிள்ளை எல்லார் முன்னிலையிலும் கூனிக் குறுகும். வாங்கச் செல்வோரை வரிசையின் ஓரத்தில் அமர்த்தினால் யாரும் யார் காலையும் தாண்ட வேண்டியிருக்காது.

சிறாருக்கான திருப்பலி பற்றி உரோமை 1973இல் வெளியிட்ட வழிகாட்டி நமக்கு நிறைய இடம் தருகிறது. வாசகங்களைக் குறைக்கலாம், ஆனால் நற்செய்தியை விடக்கூடாது. மறையுரை உரையாடலாக அமையலாம். மௌனமும் வேண்டும் என்கிறது. நாம் தவறுவது அங்கேதான். நற்கருணைக்குப் பின் ஒரு நிமிடம்கூட விடாமல் பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறது. பாடகர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விசுவாசிகள் மன்றாட்டைப் பழைய தாளிலிருந்து நகலெடுக்காமல் வகுப்புக்கு ஒன்றாகப் பிள்ளைகளே இரண்டு வரியில் எழுதட்டும்.

காணிக்கைப் பவனிக்கு வருகிறேன். கேடயமும் கிரிக்கெட் மட்டையும் பவனியாகப் போய், திருப்பலி முடிந்ததும் அலமாரிக்குத் திரும்புகின்றன. திரும்ப எடுத்துக்கொள்வது காணிக்கை ஆகாது. அப்பமும் இரசமும் போகட்டும். அவற்றோடு ஏழைகளுக்கான கொடையாகப் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடைகள் போகட்டும். இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். துவைத்து, பொத்தான் சரிபார்த்து, பெயரைப் பிரித்தெடுத்து, அளவை எழுதிக் குத்தி வாங்குங்கள். பெட்டியைப் பீடத்தின்மேல் வைக்காமல், சற்றுத் தள்ளித் தகுந்த இடத்தில் வையுங்கள். ஜூனில் வகுப்பாசிரியர் தனியே அழைத்துக் கொடுக்கட்டும், மேடையில் வேண்டாம்.

பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று ஒரு ஜூனில் இரண்டு டக் (மடிப்பு) பிடித்துத் தைத்த பாவாடையை எடுத்துப் பாருங்கள். ஒரு டக்கைப் பிரித்த இடத்தில் வெயில் படாத நீலப் பட்டை, அதன் கீழ் இன்னொன்று. திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள் தங்கள் ஆளுமையிலும் புதுப்பிறப்பிலும் சேர்ந்தே வளரக் கத்தோலிக்கப் பள்ளி துணைநிற்க வேண்டும் என்று 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது. அப்படி வளர்ந்த ஒரு பிள்ளை, இந்தப் பாவாடை ஆறாம் வகுப்பில் யாருக்குப் பொருந்தும் என்று தானே யோசித்து, விளிம்பை மறுபடி மடித்துத் தைத்துக் கொண்டுவரும்.