பார்த்து நடக்க என்ன இருந்தது?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையில் 22 வருடம் சாமான் அடுக்கியவள் நான்.

கடை வேலையில் விழுவது என்றதும் எல்லோருக்கும் ஏணிதான் ஞாபகம் வரும். நான் பார்த்தவரை, நாங்கள் அதிகம் விழுந்தது சமதரையில்தான். 2 வெள்ளி 50 காசுக்கு ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் வாங்குகிறீர்களே, அந்தப் பிளாஸ்டிக் பையில் ஒன்று பெட்டிக்குள்ளேயே ஓட்டையாகிவிடும். அடி அட்டை ஊறி, தூக்கிப்போகிற வழியெல்லாம் சொட்டும். வெள்ளை டைல்ஸில் அது கண்ணுக்கே தெரியாது.

ஒரு தீபாவளி வாரம், சனிக்கிழமை. எஸ்டேட்டிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். காலையில் சிந்திய எண்ணெயை நான்தான் ஈர மாப்பால் துடைத்தேன். அதே மாப்பால் அடுத்த வரிசையையும் துடைத்தேன். மத்தியானம் அந்த வரிசையில், அரிசிப் பையை அணைத்துக்கொண்டு வந்த, கூட வேலை செய்கிற தங்கச்சி வழுக்கிவிட்டாள். பையை விடாமல் விழுந்ததால் கையை ஊன்ற முடியவில்லை, இடுப்பில் அடி. வலியோடு எழுந்தவள் முதலில் சொன்னது, "மன்னிச்சிருங்க முதலாளி." சுற்றி நின்றவர்கள், "பார்த்து நடக்கக் கூடாதாம்மா?" என்றார்கள். பார்த்து நடக்க அங்கே என்ன தெரிந்தது? அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

தண்ணீர் விட்டால் எண்ணெய் போகாது, பரவும். திரும்பவும் சொல்கிறேன், பரவும். முதலில் பழைய பேப்பரோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச விடுங்கள். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காயும்வரை அந்தப் பக்கம் ஆளை விடாதீர்கள். மழை நாளில் வாசலில் அட்டை விரிக்கிறோமே, அதுவும் ஆபத்துதான். நனைந்த அட்டை காலோடு சேர்ந்து வழுக்கும். கால்மிதி போடுங்கள். அடி தேய்ந்த சிலிப்பரோடு வேலைக்கு வராதீர்கள். ஆனால் செருப்பை மட்டும் குறை சொல்லித் தரையை விட்டுவிடக் கூடாது. வேலையிடத்தைப் பத்திரமாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கடையில் விழுந்தால் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள். தெரிந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அவர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஓர் ஆள் வேலை செய்கிற கடைக்கும் சொக்சோ உண்டு. டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்று, அந்த எம்.சி. தாளைப் பத்திரமாக வையுங்கள். ஏணியைப் பற்றிப் பேச முடியவில்லை. பாட்டில் பெட்டிமேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள். வணக்கம்.