கடைசிக் கைவேலை நம்முடையது: கொரியாவின் தெருமுனைச் சாப்பாட்டுக்கடை

நேயர்களே, வணக்கம்.

கொரியச் சாப்பாடு என்றதும் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்த மேசைதான் இப்போது பலருக்கும் கண்ணில் வந்து நிற்கிறது. நடுவில் அடுப்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். பார்க்கும்போது பிடிபடாத சங்கதி ஒன்று அதில் இருக்கிறது. அந்த மேசைக்கு வரும் உணவில் கடைசிக் கைவேலையைச் சாப்பிடுகிறவருக்கென்றே விட்டுவைத்திருப்பார்கள். முட்டையை உடைத்து ஊற்றுவது, சோற்றைப் பிசைவது, கறியைச் சுடுவது, இலையில் மடிப்பது எல்லாம் நம் வேலை. இது தெரிந்து உட்கார்ந்தால் ஒரு சாதாரண மதியச் சாப்பாடே அமர்க்களமாக இருக்கும். தெரியாமல் உட்கார்ந்தால், "ஏதோ காரமாக இருந்தது" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வர வேண்டியதுதான்.

சியோல், புசான் மாதிரி ஊர்களில் குடியிருப்புத் தெருவின் முனையில் இருக்கும் சின்னக் கடையைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். சிக்டாங் என்பார்கள், சாப்பாட்டுக்கடை என்று பொருள். எட்டுப் பத்து மேசை இருக்கும். விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் சுவரில் இருக்கும். அரிசி எந்த நாட்டு அரிசி, கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காரமான ஊறுகாயில் போட்ட கோசும் மிளகாய்த்தூளும் எங்கிருந்து வந்தவை, மாட்டுக்கறி, பன்றிக்கறி எந்த நாட்டுடையது என்று அதில் எழுதியிருக்கும். சட்டப்படி எழுதி வைத்தாக வேண்டும். மதியம் 3 மணியிலிருந்து 5 மணி வரை பல கடைகளில் வியாபாரத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பசியோடு போய் நிற்காதீர்கள்.

உட்கார்ந்ததும் கரண்டியைக் காணோமே என்று தேடுவீர்கள். மேசையின் பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பறை இருக்கும். நீளக் காம்புள்ள கரண்டி, உலோகக் குச்சிகள், துடைக்கும் தாள் எல்லாம் அதற்குள்தான். அந்த மேசையில் வயதில் இளையவர் எவரோ அவர் எல்லோருக்கும் எடுத்து வைப்பது வழக்கம். சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம், கரண்டியும் குச்சியும் சூப்புக்கு வலப்பக்கம். தண்ணீர் பல கடைகளில் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆளைக் கூப்பிட மேசையிலேயே மணிப் பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் "யோகியோ" என்று குரல் கொடுக்கலாம், "இங்கே பாருங்க" என்கிற மாதிரி. பரிமாறுகிற நடுத்தர வயது அம்மாவை வாடிக்கையாளர்கள் "இமோ" என்று கூப்பிடுவதைக் கேட்பீர்கள். இமோ என்றால் அம்மாவோடு பிறந்தவள், நமக்குச் சித்தியோ பெரியம்மாவோ. அப்பாவோடு பிறந்தவளுக்கு அங்கே வேறு சொல், "கோமோ". நம்மைப் போலவே தாய்வழி, தந்தைவழி பிரித்துச் சொல்கிற மொழி. சாப்பாடு போடுகிறவளுக்குத் தாய்வழிச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

சோறு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வரும். பெயர் கோங்கிபாப். எந்தக் கடைக்குப் போனாலும் கிண்ணம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அரிசித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் சோற்றைச் சிக்கனப்படுத்த அரசு பாடுபட்டது. 1976-ல் சியோல் நகர நிர்வாகம், உணவகச் சோற்றுக் கிண்ணம் 10.5 சென்டிமீட்டர் விட்டம், 6 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. தட்டுப்பாடு எப்போதோ தீர்ந்துவிட்டது, கிண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. உலோகம் என்பதால் தொட்டால் சுடும். கொரியாவில் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மரியாதையும் ஆகாது. மேசையிலேயே இருக்கட்டும். சோற்றைக் கரண்டியால் எடுக்க வேண்டும், குச்சி தொடுகறிக்கு மட்டும். இதைத் தெரிந்துகொண்டாலே குச்சி பிடிக்கத் தெரியாதவருக்குப் பாதிப் பயம் போய்விடும். கரண்டியையும் குச்சியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்காதீர்கள். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுங்கள். சோற்றில் எதையும் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்தபிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள்.

கேட்காமலே வரும் சிறு கிண்ணங்களுக்கு பான்ச்சான் என்று பெயர். கிம்ச்சி, முளைகட்டிய சோயா, கீரை, பொரித்த நெத்திலி, முட்டைச் சுருள், முள்ளங்கி என்று கடைக்குக் கடை, நாளுக்கு நாள் மாறும். இவை பசியைத் தூண்டும் முன்னுணவு என்று நினைத்து, சோறு வருவதற்குள் காலி செய்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நம் இலையில் கூட்டும் பொரியலும் ஊறுகாயும் என்ன வேலை செய்கின்றனவோ, அதே வேலைதான் இவற்றுக்கும். ஒரு வாய்ச் சோறு, ஒரு துண்டு கிம்ச்சி, ஒரு கரண்டி சூப்பு என்று மாற்றி மாற்றிப் போனால்தான் உப்பும் புளிப்பும் காரமும் நிரவிவரும். தீர்ந்தால் காசில்லாமல் மறுபடி கொடுப்பார்கள். "இகோ தோ ஜுசெயோ" என்று கிண்ணத்தைக் காட்டினால் போதும், "இது இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்பது அதன் பொருள். சில கடைகளில் ஓர் ஓரத்தில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள், நாமே எடுத்துக்கொள்ளலாம். அளந்து எடுங்கள். ஒருவர் மேசையில் மிஞ்சியதை இன்னொருவருக்கு வைக்கச் சட்டம் இடம்கொடுக்காது, எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

அடுத்தது ஜிகே. கெட்டிக் குழம்பு. துக்பேகி என்ற கறுப்பு மண்சட்டியில் கொதித்தபடியே வந்து இறங்கும். கிம்ச்சி ஜிகேக்குப் புதுக் கிம்ச்சி ஆகாது, நன்றாகப் புளித்த பழசு வேண்டும். நம் வீட்டுச் சுண்டக்குழம்பின் ருசி எதனால் வருகிறதென்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொன்ஜாங் ஜிகே, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது. முதல் முறை வாசனை தூக்கலாகத் தெரியும், சோற்றோடு சேர்ந்ததும் அடங்கிவிடும். இந்த விழுது, சோயா சாறு, மிளகாய் விழுது இவற்றைச் செய்யும் முறையை யுனெஸ்கோ 2024-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குளிர்காலத்துக்கு முன் ஊர்கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் அதற்கு முன்பே, 2013-ல் சேர்ந்துவிட்டது.

சுன்துபு ஜிகேயைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிழியாத மெத்தென்ற டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்து எடுத்த கட்டி, சிவந்த குழம்பில். பல கடைகளில் மேசைமேலே ஒரு தட்டில் பச்சை முட்டை இருக்கும். சட்டி வந்து இறங்கியதும், குமிழி அடங்குவதற்குள், முட்டையை உடைத்து நடுவில் விட வேண்டும். பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் கழித்து விட்டால் வெள்ளைக்கரு வேகாமல் வழவழவென்று மேலே நிற்கும். விட்டதும் கிளறினால் குழம்பு முழுக்கக் கலந்து கெட்டியாகும். ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் வெள்ளை வெந்து மஞ்சள் இளகி நிற்கும். இரண்டாவதுதான் மேல் என்பேன். டோஃபு வெளியே ஆறினாலும் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அப்படியே வாயில் போட்டால் மேலண்ணம் வெந்துபோகும். கரண்டியில் எடுத்துச் சோற்றின்மேல் வைத்துச் சாப்பிடுங்கள்.

இதே பொறுமை தோல்சொத் பிபிம்பாப்பிலும் வேண்டும். நெருப்பாகச் சுட்ட கல்சட்டியில் சோறு, அதன்மேல் வகைவகையாகக் காய்கள், முட்டை. தோல்சொத் என்றால் கல்சட்டி, பிபிம்பாப் என்றால் பிசைந்த சோறு. வந்த கையோடு பிசைந்துவிட்டால் அடியில் முறுகல் பிடிக்காது. ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள், சடசடவென்ற சத்தம் கேட்கும். கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதை முதலில் ஒரு கரண்டி மட்டும் போட்டு, அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். அழுத்தி மசித்தால் கூழாகிவிடும். போதவில்லை என்றால் விழுதைச் சேர்க்கலாம், அதிகமாகிவிட்டால் எடுக்க வழியில்லை. எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, நம் நல்லெண்ணெயைவிட மணம் பல மடங்கு கூடுதல். சில சொட்டுப் போதும். அடிச் சோற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். "கோகி பெஜுசெயோ", அதாவது கறி வேண்டாம் என்று சொன்னால், கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். கோகி என்ற சொல் பொதுவாக ஆடு, மாடு, பன்றி, கோழியையே குறிக்கும், மீன் அதில் வராது. ஜிகேயின் அடிநீர் பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுத்தது. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ இருக்கும். தெருவில் விற்கும் தொக்போக்கி வெறும் அரிசிக் கொழுக்கட்டை மாதிரித் தெரிந்தாலும் அதோடு மீன் வில்லைகள் கிடக்கும். பிபிம்பாப்பின் மிளகாய் விழுதைச் சில கடைகளில் மாட்டுக்கறிக் கொத்தோடு வதக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கறி நீக்கிய பிபிம்பாப், விழுதைத் தனியாகக் கேட்டு வாங்கியது, வெறுஞ்சோறு, வறுத்த கடற்பாசித் தாள், இவற்றில் சிக்கல் குறைவு. மாட்டுக்கறி மட்டும் தவிர்க்கிறவர்கள் சொல்லொங்தாங், கல்பிதாங் என்ற வெண்சூப்பு, தெளிசூப்புகளையும், குளிர்ந்த நேங்மியோன் சேமியாவின் சாற்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் மாட்டெலும்பில் செய்பவை, மூன்றாவதும் பல கடைகளில் மாட்டுக்கறிச் சாறுதான். 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு, சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் கொரியர் நடத்தும் கடைகள் வந்துவிட்டன. அங்கே இதையெல்லாம் தமிழிலேயே கேட்டுத் தெளியலாம்.

இனி அடுப்பு உள்ள மேசை. சாம்கியோப்சால், பன்றியின் வயிற்றுப் பகுதி. ஓர் ஆள் பங்கு பெரும்பாலும் 150 முதல் 200 கிராம், கடையில் எழுதியிருக்கும். பல கடைகளில் இரண்டு பங்குக்குக் குறைந்து தரமாட்டார்கள், ஆகவே தனியாகப் போகிறவர் அன்று ஜிகேயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுப்பின்மேல் உள்ள சுடுதட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் கறியை வைக்க வேண்டும். கொழுப்பு ஓரத்தை மட்டும் தொட்டுப் பாருங்கள், சுர்ரென்று சீற வேண்டும். காயாத தட்டில் வைத்தால் கறி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் விட்டு அவிந்துபோகும், சுட்ட நிறமே வராது. அவசரப்பட்டுத் தட்டு நிறைய அடுக்கினாலும் இதே கதிதான். மேற்புறம் ஈரம் முத்து முத்தாகக் கசியும்போது ஒருமுறை திருப்புங்கள். இரண்டு புறமும் பொன்னிறமானதும் இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் ஒரு வாய்த் துண்டுகளாக வெட்டி, வெட்டிய முகத்தையும் தட்டில் படுக்கவையுங்கள். உள்ளே சிவப்பு போக வேண்டும். பச்சைக்கறி தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

தட்டு ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், உருகிய கொழுப்பு வழிவதற்காக. வழிகிற பாதையில் கிம்ச்சியைப் பரப்புங்கள், அந்தக் கொழுப்பிலேயே வதங்கட்டும். ஓரத்தில் பூண்டு வில்லைகள். இனிப்பு மசாலாவில் ஊறிய கல்பி, அதாவது விலாக்கறி என்றால் கதை வேறு. அதில் சர்க்கரையும் பழச்சாறும் இருப்பதால் சீக்கிரம் கருகும், அடிக்கடி திருப்ப வேண்டும். தட்டில் கரி படிந்தால் "புல்பான் கரா ஜுசெயோ" என்று கேளுங்கள், வேறு தட்டு மாற்றித் தருவார்கள். கூச்சப்பட்டுக் கரியோடு சுட்டால் மிச்சக் கறியெல்லாம் கசக்கும்.

இனி, சுட்ட கறியை இலையில் மடிப்பது. இடது உள்ளங்கையில் ஒரு லெட்யூஸ் இலை. அதன்மேல் கென்னிப், துளசிக் குடும்பத்து இலை, வாசனையே தனி. ஒரு துண்டு கறி, ஒரு பூண்டு, சோயா விழுதும் மிளகாய் விழுதும் கலந்த சாம்ஜாங் மிளகளவு, விருப்பப்பட்டால் கொஞ்சம் சோறு. வெற்றிலை மடிப்பதுபோல் நான்கு பக்கமும் மடித்து ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி மடியில் விழும். பெரிதாக மடித்துவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம், ஆகவே இலை பெரிதாக இருந்தால் முதலிலேயே பாதியாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

கறி மூன்று நான்கு துண்டு மிஞ்சும்போதே "பொக்கும்பாப்", அதாவது வறுத்த சோறு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுக் கேட்டால் ருசி ஏறாது. இமோ வந்து, தட்டில் கிடக்கும் கறியையும் கிம்ச்சியையும் பொடியாக நறுக்கி, சோற்றைக் கொட்டிப் பிரட்டி, கடற்பாசித் தாளைத் தூவிவிட்டுப் போவார். உடனே கரண்டியை வைக்காதீர்கள். கரண்டியின் முதுகால் சோற்றைத் தட்டு முழுக்க மெல்லிசாக அழுத்திவிட்டு, தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். ஓரம் சிவந்து தானாகத் தட்டைவிட்டுக் கிளம்பும். அப்போது சுரண்டி எடுங்கள். அது முடிந்ததும் மேசையில் உள்ள ரசீதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கும் கல்லாவில் போய்ப் பணத்தைக் கட்டுங்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. "ஜல் மொகொஸும்னிதா", நன்றாகச் சாப்பிட்டேன் என்று இமோ காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.

வணக்கம்.