பால் போதுமா என்று கேட்காதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு சிலர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். குழந்தை அழுதால் எழுந்து வெளியே ஓட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே பால் கொடுங்கள். தாய்ப்பால் பற்றிய கூட்டத்திலேயே பால் கொடுக்கும் தாய்க்கு இடமில்லை என்றால், அப்புறம் நான் பேசி என்ன பயன்?

பிரசவ வார்டில் பல வருடங்கள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். பொதுவாக என்னைக் கூப்பிடுவது தாய்ப்பாலின் பெருமையைப் பேசத்தான். இன்று அதைப் பேசப்போவதில்லை. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நீங்கள் எத்தனையோ போஸ்டர்களில் படித்திருப்பீர்கள். அந்தப் போஸ்டர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு அம்மா, ஒரு குழந்தை. வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பால் கொடுப்பது தொடர்வதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அந்தப் படத்தில் இல்லாதவர்களால்தான். கணவர், இருவரின் அம்மாக்கள், பார்க்க வரும் உறவினர்கள், மேலதிகாரி, எங்களைப் போன்ற மருத்துவமனைக்காரர்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கு.

அவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "பால் போதுமா?"

அக்கறையில் கேட்பதுதான். ஆனால் பிரசவம் முடிந்த இரண்டாம் நாள் ஒரு பெண்ணிடம் இதை நாலு பேர் கேட்டால், சாயங்காலத்துக்குள் அவளே "எனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது" என்று சொல்லத் தொடங்கிவிடுவாள். வார்டில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காலையில் நன்றாகத்தான் இருந்திருப்பாள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் போனால் முகமே மாறியிருக்கும்.

உண்மையில் அந்த இரண்டாம் நாளில் உடம்பில் என்ன நடக்கிறது? முதலில் வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போகாது. அந்த நாளுக்கு அந்த அளவுதான் தேவை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவு சரிகிறது, அதன் பிறகுதான் பால் பெருகத் தொடங்கும். அதற்கு இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும். இந்த இடைவெளியில் குழந்தையின் எடை சற்றுக் குறைவதும் இயல்புதான். குறைந்தது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். பிறந்த எடையில் 7 சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தால் பால் கொடுக்கும் முறையை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. குழந்தை அழுகிறது, அம்மாவுக்குப் பால் இல்லை, முடிந்தது தீர்ப்பு.

தீர்ப்புக்கு அப்புறம் வருவது பவுடர் பால். "ஒரே ஒரு தடவை, அவளும் கொஞ்சம் தூங்கட்டும்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் பால் சுரப்பு குழந்தை கேட்கிற அளவுக்குத்தான் நடக்கும். குழந்தை உறிஞ்சும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பாலை உண்டாக்குகிறது, ஆக்ஸிடாசின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் அப்படியே தேங்கி நின்றால், இவ்வளவு போதும் என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். புட்டியில் குடித்து வயிறு நிறைந்த குழந்தை அடுத்த முறை மார்பில் சரியாகக் குடிக்காது. பால் தேங்கும், சுரப்பு குறையும். அடுத்த நாள் உண்மையாகவே பால் குறைந்திருக்கும். "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லவும் ஆள் இருப்பார்கள். மருத்துவக் காரணத்தோடு கூடுதல் பால் கொடுக்க வேண்டி வந்தால் அது வேறு. அப்போதும் சுரப்பு விட்டுப்போகாமல் இருக்க, தாய் அதே நேரத்தில் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். எடுக்கிற பாலை முதலில் குழந்தைக்குக் கொடுக்கலாம். இதைச் சொல்லித்தருவது எங்கள் வேலை. பல இடங்களில் நாங்கள் அதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பால் போதுமா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அம்மாவிடம் கேட்டுத் தெரியாது, குழந்தையைப் பார்த்தால் தெரியும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். முதல் நாட்களில் கறுப்பாக இருந்த மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். குடிக்கும்போது விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். எடை ஏற வேண்டும். இவ்வளவுதான். அழுகையை வைத்து முடிவு கட்டாதீர்கள், குழந்தை நூறு காரணத்துக்கு அழும். மார்பு முன்போல் கனமாக இல்லை, மெத்தென்று ஆகிவிட்டது என்று சில வாரங்கள் கழித்துப் பயப்படுவார்கள். அது சுரப்பு தேவைக்கேற்பப் பழகிவிட்டதன் அடையாளம். பம்ப் வைத்து எடுத்தால் கொஞ்சம்தான் வருகிறதே என்பார்கள். குழந்தை இழுக்கிற மாதிரி எந்தப் பம்ப்பும் இழுக்காது. சாயங்காலத்தில் சில குழந்தைகள் அரை மணிக்கு ஒரு தரம் பால் கேட்டுத் தொல்லை செய்யும், அதுவும் பால் பற்றாக்குறை இல்லை. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். அந்தத் தடவைகள் கடிகாரம் பார்த்துச் சீராக வருவதில்லை.

ஒரு தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத மனிதர். குழந்தையின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். சிறுநீருக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம், பால் கொடுத்த நேரம். எல்லாம் அவரே குறித்துவைப்பார். டயப்பர் மாற்றுவதும் அவர்தான். "எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "என் மனைவியிடம் யாராவது பால் போதுமா என்று கேட்டால் இதைக் காட்டுவேன்" என்றார். இத்தனை வருட அனுபவத்தில், ஒரு கணவர் செய்த இதைவிடப் பெரிய உதவியை நான் பார்த்ததில்லை.

பல ஆண்கள் என்னிடம் கேட்பார்கள், பாலை அவள்தானே கொடுக்க வேண்டும், நான் என்ன செய்வது என்று. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். இரவில் குழந்தையை எடுத்து அவள் பக்கத்தில் வைப்பது, குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் என்றால் அதில் பாதி மிச்சமாகும். அவள் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வையுங்கள், பால் கொடுக்க உட்கார்ந்ததும்தான் தாகம் எடுக்கும். பால் உற்பத்திக்கே ஒரு நாளைக்கு 400, 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. ஆனால் பல வீடுகளில் பால் கொடுக்கும் பெண்தான் கடைசியாகச் சாப்பிடுகிறாள், அதுவும் ஆறிப்போனதை.

வலியைப் பற்றி இரண்டு வார்த்தை. "எல்லாருக்கும் வலிக்கும், பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். முதல் சில நாள் கூச்சமும் லேசான வலியும் இருக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது, குழந்தையை எடுக்கும்போதே அவள் பல்லைக் கடிக்கிறாள் என்றால், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், பாலும் சரியாக வராது. வாய் அகலமாகத் திறந்து, சுற்றியுள்ள கரும்பகுதியும் பெருமளவு உள்ளே போய், மோவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டித்தர வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் பால் கொடுப்பதை நிறுத்திய பெண்கள் ஏராளம். மார்பில் ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். அதற்காகப் பொதுவாகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தினால் இன்னும் கட்டிக்கொள்ளும்.

இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தருவது ஒரு காலத்தில் அற்றுப்போனது. புட்டிப்பாலே நவீனம் என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது. 1956இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து, ஒருவருக்கொருவர் கற்றுத்தர லா லெச்சே லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் பக்கத்து வீட்டு அம்மாக்களைக் கூட்டி வைத்துப் பேசியதுதான் தொடக்கம். பவுடர் பால் விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஒரு சர்வதேச நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு, அது அமெரிக்காவின் ஓட்டு. ஏழு அம்மாக்கள் கிளம்பியதும் அதே நாட்டிலிருந்துதான்!

வேலைக்குத் திரும்பும் பெண்களைப் பற்றிப் பேசாமல் போனால் பாதிப் பேச்சுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை 14 வார மகப்பேறு விடுப்பைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. திரும்பி வந்தபின், சம்பளம் பிடிக்காமல் பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்கிறது, அல்லது வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில், பாலைப் பீய்ச்சி எடுக்கக் கழிவறையைக் காட்டுகிறார்கள். உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துத் தயாரிப்பீர்களா? தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த பால் அதிக வெப்பமில்லாத அறையில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் தாங்கும். உடன் வேலை செய்பவர்களே, அவள் அரை மணி நேரம் காணாமல் போனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, பால் கொடுக்க முடியாதவர்கள். சிலருக்கு உண்மையாகவே பால் போதாது. மார்பில் செய்த அறுவை சிகிச்சை, தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு என்று காரணங்கள் உண்டு. குறைவான பேர்தான், ஆனால் இருக்கிறார்கள். சிலர் மருந்தின் காரணமாக நிறுத்த நேரிடும். சிலருக்கு மனது தாங்காது. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் சோர்வும் விடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அவளை, பாலை அல்ல.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வார்டில் எல்லோர் முன்னிலையிலும், "கொஞ்சம் முயற்சி செய்தால் என்ன?" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. குழந்தையைத் திருப்பிப் பிடித்து, எனக்குப் புட்டி தெரியாதபடி மறைத்துக்கொண்டாள். மூன்று நாளாகத் தூங்காமல் முயன்று, மருத்துவர் சொன்ன பிறகுதான் புட்டிக்கு வந்திருக்கிறாள் என்பது மறுநாள் அவளுடைய கோப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

சரி. கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசையில் குழந்தையோடு இருக்கிறீர்களே, நீங்கள் முதலில் கேளுங்கள். எழுந்திருக்க வேண்டாம், மைக் அங்கே வரும்.