மச்சான் வருவார், மூன்றாவது மாதம்?

நடுவர் அவர்களே, குடியாத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கஷ்டப்படும் குடும்பத்தைத் தாங்குவது சொந்தபந்தமா, சமூகக் காப்பீடா? எதிரணித் தலைவர் கேட்டார்: "நடு ராத்திரியில் கூப்பிட்டால் மச்சான் ஓடி வருவார், ஈஎஸ்ஐ ஆபீஸ் வருமா?" நீங்களும் கைதட்டினீர்கள். ஈஎஸ்ஐ என்றால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மச்சான் வருவார், ஐயா. மூன்றாவது மாதம் வீட்டு வாடகை கட்ட வருவாரா? அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், குழுக்கடன் இருக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் வேலை பார்க்கும் தம்பியின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சம்பளம் 12,000. ஈஎஸ்ஐ பிடித்தம் 90 ரூபாய். அதற்கு மேல் முதலாளி தன் பங்காக 390 ரூபாய் கட்டியாக வேண்டும். இந்தத் தம்பி காய்ச்சலில் படுத்தால், டாக்டர் சான்று இருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. வேலையில் விபத்து நடந்து உயிரே போனாலும், சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். மனைவிக்கு ஆயுள் முழுக்க, மறுமணம் செய்துகொள்ளாத வரை. மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை. எந்த மச்சானால் முடியும் இது?

மொய்யைப் பெருமையாகச் சொன்னார்கள். மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீடு எதை வைத்துத் திருப்பிச் செய்யும்?

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்தது. தூக்கத்திலேயே 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அவர்களுக்கு இங்கே எந்த மச்சான் இருந்தார்? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சட்டம் துணை நிற்க வேண்டும்.

ஆபீசில் அலைய விடுகிறார்கள் என்றார்கள். உண்மை, அலைச்சல் உண்டு, எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கவுண்டரில், "என் பணம், என் உரிமை" என்று சத்தம் போடலாம். மைத்துனர் வீட்டு வாசலில் சத்தம் போட முடியுமா, அம்மா?

பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த ஈஎஸ்ஐ அட்டை கிடையாது. முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றாவிட்டால், அந்த வாரம் கூலி இல்லை. உறவு இல்லாமலா அவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள்? உறவுக்காரரும் பீடிதான் சுற்றுகிறார், ஐயா!

இங்கே கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் சம்பளச் சீட்டை எடுங்கள். ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா, மனைவி மக்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமையே கேளுங்கள். நன்றி.