அம்பாசிடர் ஏன் வழியில் நிற்கிறது?

[காட்சி: மலைப்பாதை வளைவு. ஓரமாக ஒரு வெள்ளை அம்பாசிடர். பானெட் திறந்திருக்கிறது.]

ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருக்கும்போது இன்ஜின் இரண்டு முறை திக்கி அணைந்துவிடும். டிரைவர் அண்ணன் பதறமாட்டார். இறங்கி பானெட்டைத் தூக்குவார், ஒரு பழந்துணியைத் தண்ணீரில் நனைத்து, இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் போடுவார். பத்து நிமிடம் போகும். அப்புறம் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். நாற்பது வயதைத் தாண்டிய பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரத்துணி என்ன செய்தது?

[வரைபடம்: பின்னால் டேங்க், முன்னால் பம்ப், நடுவில் நீளமான குழாய்.]

டேங்க் வண்டியின் பின்னால் இருக்கிறது, பம்ப் முன்னால். அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே கொதிக்கும். மலை ஏறும்போது வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு, இன்ஜினோ கொதிக்கிறது. பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். வேப்பர் லாக் என்பது இதுதான். துணி பம்பைக் குளிர வைத்ததும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும்.

நிரந்தரத் தீர்வும் உண்டு. டேங்குக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் அது பெட்ரோலை முன்னால் தள்ளும். தள்ளும் குழாயில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஆவியாவது குறையும். பல வண்டிக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். பழைய பம்ப் அப்படியே இருக்கட்டும் என்று துணியோடு மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு தரப்பின் மேலும் மரியாதை உண்டு.

[காட்சி: மங்கலான பழைய புகைப்படங்கள். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகள்.]

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை கார்தான் அம்பாசிடரின் மூலம். 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கார் குழுமத்துக்குப் போனது. இன்று ஓடும் எந்த அம்பாசிடருக்கும் பின்னால் ஆலை கிடையாது, கம்பெனி சர்வீஸ் கிடையாது.

அதனால் இந்த வண்டி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. இதன் பழுதுகளில் பெரும்பாலானவை கையால் சரிசெய்யக்கூடியவை. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கும் ஒருவருக்காகச் செய்த வண்டி இது. இப்போதைய கார் மாதிரி சாவியைத் திருப்பி ஓட்டிவிட்டு மறந்துவிட்டால்தான் பாடுபடுத்தும்.

[காட்சி: ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் லிவர்.]

கியர் சிக்கிக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களில் லிவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, கியர்பாக்ஸ் எங்கோ கீழே. நடுவில் கம்பிகள், அந்தக் கம்பிகளின் முனைகளில் ஆட்டம் வராமல் பிடிக்கும் சின்ன வளையங்களான புஷ்கள். புஷ் தேய்ந்தால் ஆட்டம் வரும். ஒரு கியரிலிருந்து முழுதாக வெளியே வராமலேயே இன்னொன்றைப் பிடிக்கப் போய் லிவர் நடுவில் இறுகிவிடும். சிக்னலில் நிற்கும்போது இது நடந்தால் வேர்த்துவிடும். பயப்பட வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் கம்பியின் அடியில் இருக்கும் இரண்டு சிறிய லிவர் கைகளையும் ஒரே நேராகத் தள்ளினால் வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் புஷ் மாற்றுங்கள். சின்னச் செலவுதான். அப்புறம், பழைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிப் பிடிக்க வைக்கும் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும்.

[காட்சி: தரையில் ஒரு ஆயில் திட்டு.]

ஆயில் ஒழுகுகிறது என்பது இன்னொரு புலம்பல். 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாப்டின் பின்முனையில் ரப்பர் சீல் வைக்கவில்லை. ஷாப்டிலேயே திருகு மாதிரி மரை வெட்டியிருக்கிறார்கள். சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி நின்றபிறகு ஒன்றிரண்டு சொட்டு விழுவது இயல்பு. திட்டு பெரிதாகிறதென்றால் முதலில் இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலைப் பின்னால் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்தால் போகிற வேலைக்கு இன்ஜினையே இறக்கியவர்கள் உண்டு.

முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் தள்ளிப்போடாதீர்கள். டிரம் பிரேக் வண்டியில் தேங்கிய மழைநீரைக் கடந்தால், ஓடிக்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அமுக்கிக் காய வையுங்கள்.

[காட்சி: பெட்ரோல் பங்க்.]

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். இந்த வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோல் இன்று இல்லை.

2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். காற்றுக்கு அது நல்லது, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் பழைய இன்ஜினில் அந்த ஈயம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெல்லிய மெத்தையாகப் படிந்திருந்தது. அது போனதும், புகையை வெளியே விடும் சூடான எக்ஸாஸ்ட் வால்வு வார்ப்பிரும்பு இருக்கையை நேரடியாக அரிக்கிறது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழும். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்வீர்கள், சில மாதத்தில் மறுபடி குறைந்திருக்கும். இதுதான் அடையாளம். லேத் பட்டறையில் வால்வுகள் உட்காரும் இன்ஜின் ஹெட்டைக் கொடுத்து, கடினமான எஃகு இருக்கை பதித்துவிட்டால் தீர்ந்தது.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பம்ப்பின் உள்ளே இருக்கும் சவ்வான டயாபிரம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் ஊதவோ விரிசல் விடவோ வைக்கும். ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எங்கள் மாமா வண்டிக்கு ஒரு கடையில் வாங்கிய புத்தம்புதுக் குழாய் ஆறே மாதத்தில் வெடித்தது. காலையில் ஷெட்டைத் திறந்தபோது வந்த பெட்ரோல் வாசனையில் அத்தை அடுப்பை அணைக்க ஓடினார். அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புத்தான், குழாய் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவை எரிபொருள் குறைந்து நீர்த்தும் போகும். கார்புரேட்டர் தானாக அதைச் சரிசெய்துகொள்ளாது, மெக்கானிக்தான் டியூன் செய்ய வேண்டும்.

பார்ட்ஸ் கிடைக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது கிடைக்கும், புதிதாக வார்த்ததும் கிடைக்கும். தரம்தான் சிக்கல். கழற்றிய பழைய அசல் கிங் பின் நல்ல நிலையில் இருந்தால், தரம் தெரியாத புதியதைவிட அதையே எடுப்பேன்.

[காட்சி: கதவைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கும் கை.]

சரி, வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்ஜின் சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துவிடலாம். முதலில் தரைவிரிப்பைத் தூக்குங்கள். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் வழியே இறங்கும் மழைநீர் அங்கேதான் தேங்கும். ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் தரையையும், கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். டங் டங் என்றால் தகடு இருக்கிறது. பொத்தென்று கேட்கும் இடத்தில் பட்டியும் பெயிண்டும்தான் இருக்கிறது. அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். டிங்கரிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து வட்டங்களைக் காட்டி, அவர் சொல்லும் தொகையைக் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.