திரும்புதலும் திருப்பிக் கொடுத்தலும்

(சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். வேலை முடிந்து, எம்ஆர்டி நெரிசலில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக் குளியலறைக் கூரையிலிருந்து தட்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. யீஷூனில் 1980-களில் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். முதலில் பெயிண்ட் உப்பும், அப்புறம் ஒரு விரிசல் ஓடும், ஒருநாள் பொத்தென்று விழும். இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த இடம் உப்பியிருந்தது. நான் சுரண்டிவிட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்தேன். முப்பது வருடம் கட்டுமான வேலையில் இருந்தவன் நான். அது போதாதென்று எனக்குத் தெரியும். விருந்தாளிகள் வருகிறார்கள், பார்வைக்கு நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

பழுதுபார்க்க வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. ஏணியில் ஏறி, சின்னச் சுத்தியலால் கூரை முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியாக இருந்த இடம் 'டங்' என்றது. உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்றது. "விழுந்த இடத்தை மட்டும் பூசிவிடு தம்பி" என்றேன். "இல்லண்ணே, டொப்புனு கேக்குற இடத்தையெல்லாம் கொத்தி எடுக்கணும். இல்லாட்டி மறுபடி விழும்" என்றார்.

பாதிக் கூரையைக் கொத்தினார். உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. காற்றும் ஈரமும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்போது கான்கிரீட்டின் காரத்தன்மை குறைகிறது. அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். காவல் போனதும் துரு பிடிக்கிறது. துரு பருத்து, தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அந்தத் தம்பி கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். துருத் தடுப்புப் பூச்சு அடித்தார். அது காய்ந்தபின் கலவை பூசினார். பெயிண்ட் கடைசியில்தான் வந்தது.

இந்த லெந்து நாட்களில் அந்த 'டொப்' சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. 51-ஆம் சங்கீதத்தில் "இதோ, உள்ளத்தில் உண்மையிருக்க விரும்புகிறீர்" என்று தாவீது சொல்கிறார். தேவன் தட்டிப் பார்க்கிற இடம் அந்த உள்ளம்தான்.

மனந்திரும்புதல் என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது 'மெட்டனோயா', மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் 'ஷூவ்', போன வழியைவிட்டுத் திரும்பி வருவது. நம் கத்தோலிக்க நண்பர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "மனம் மாறுங்கள்" என்று இருக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பில் "மனந்திரும்புங்கள்". கிரேக்கனின் மனமும் எபிரெயனின் திரும்புதலும் நம் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சொல்மேல் எனக்கு அத்தனை பிரியம். 1517-இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று கர்த்தர் விரும்பினார் என்கிறார். நாற்பது நாளோடு முடிகிற காரியமாக அவர் அதைப் பார்க்கவில்லை.

தமிழில் இன்னொன்றும் உண்டு. 'திரும்பு'வுக்குப் பக்கத்து வீட்டிலேயே 'திருப்பு' இருக்கிறது. லூக்கா 19-இல், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயுவைப் பாருங்கள். அவன் அழுததாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. மரத்திலிருந்து இறங்கினான், சந்தோஷத்தோடே ஆண்டவரை வீட்டுக்கு அழைத்துப் போனான், எழுந்து நின்று கணக்குச் சொன்னான். அநியாயமாய் வாங்கினதுண்டானால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். பாவத்தை அறிக்கையிட்டு வருகிறவனிடம் எண்ணாகமம் 5 கேட்பது முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்துவிட்டவனுக்கு யாத்திராகமம் விதித்த கணக்கு. சகேயு சலுகை கேட்கவில்லை. தன்னைத் திருடன் என்றே வைத்துக் கணக்குப் போட்டான்.

யூதாஸும் திருப்பிக் கொடுத்தானே என்று கேட்பீர்கள். கொடுத்தான், முப்பது வெள்ளிக்காசையும். ஆனால் யாரிடம் வாங்கினானோ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் போகவில்லை. அன்று காலையில் அவர் உயிரோடுதான் இருந்தார். மூன்று முறை மறுதலித்த பேதுருவோ, திபேரியா கடற்கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும், படகு கரைக்கு வரட்டும் என்றுகூட இருக்காமல் கடலிலே குதித்து அவரிடம் போனான். இரண்டு பேருமே மனம் உடைந்து போனவர்கள்தான். ஒருவன் அவரிடம் போனான்.

இப்போது என் கதை. இதைச் சொல்லவேண்டாம் என்றாள் என் மனைவி. நேற்று இரவு, சொல்லிவிடுங்கள் என்றதும் அவள்தான்.

2004-இல் நான் ஒரு கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் என் கீழே வேலை பார்த்தார். நாள் சம்பளம் 18 வெள்ளி. கான்கிரீட் ஊற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. அப்படி அவர் மூன்று இரவுகளில் 14 மணி நேரம் கூடுதலாக நின்றார். ஓவர்டைம் தாளில் நான் கையெழுத்துப் போடவேண்டும். மறந்துவிட்டேன். சம்பளம் குறைந்து வந்ததும் அவர் என்னிடம் கேட்டார். லாரியில் ஏறப்போகிற நேரம், இருபது பேர் நிற்கிறார்கள். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மேலதிகாரி முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம். "நீ அன்னைக்குச் சீக்கிரமே போயிட்டே, பொய் சொல்லாதே" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் ஆராதனைக்கு வந்தேன். பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகவே சொன்னேன். அப்படியே பதினைந்து வருடம் சொன்னேன். அந்தப் பொது ஜெபத்துக்குள் என் 14 மணி நேரமும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2019 லெந்தில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது, உறையைப் போடப்போன கை நின்றுவிட்டது. அன்று வாசித்த பகுதி மத்தேயு 5: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்." எனக்கு யார்மேல் கோபம் என்று தேடித்தான் நமக்குப் பழக்கம். உன்மேல் யாருக்குக் குறை என்று ஆண்டவர் கேட்கிறார். அவர் இதைப் பேசியது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து காணிக்கை கொண்டுவந்தவனை, அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார். நான் ஒரு போன் பண்ணினால் போதும். அதற்கே பதினைந்து வருடம்.

பழைய கூட்டாளி ஒருவர் மூலம் நம்பர் கிடைத்தது. பேசுவதற்கு முன் கால்குலேட்டரை எடுத்தேன். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. 14 மணி நேரத்துக்கு 47 வெள்ளி 25 காசு. மோசேயின் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டினால் 56 வெள்ளி 70 காசு. நூறு வெள்ளியாகவே அனுப்பிவிடலாம், தீர்ந்தது என்று நினைத்தேன்.

எடுத்தார். யாரென்று சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை; பின்னால் மாடு கத்துவது கேட்டது. சொல்லவேண்டியதைச் சொன்னேன். நான் கையெழுத்துப் போட மறந்தேன், நீங்கள் பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது நான்.

"காசு வேணாம் சார்" என்றார். "அந்த மாசம் வீட்டுக்குப் பேச போன் கார்டு வாங்கக் காசில்ல, அதுகூடப் போகட்டும். எல்லார் முன்னாலயும் பொய்யன்னு சொன்னீங்க. அப்புறம் ஒரு வருஷம் அந்த ரூம்ல எது காணாமப் போனாலும் என்னைத்தான் பாத்தாங்க."

நான் போட்ட கணக்கில் அது இல்லவே இல்லை. நான் எடுத்தது அவருடைய பேரை. 56 வெள்ளி 70 காசை வைத்துக்கொண்டு அதை எப்படித் திருப்புவது?

அன்று லாரிப் பக்கத்தில் நின்றவர்களில் மூன்று பேர் இன்னும் சிங்கப்பூரில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் மூவரையும் உட்காரவைத்து, தே வாங்கிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தன் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் எழுந்து, மீன் கடைப் பக்கமாகத் தள்ளிப்போய், அங்கிருந்தே அறந்தாங்கிக்குப் போன் போட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பணத்தை அவர் கடைசிவரை வாங்கவில்லை. மன்னித்தேன் என்றும் இதுவரை சொன்னதில்லை. சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை, பிள்ளைகளே. கேட்கிற கடமை எனக்கு இருந்தது.

சபை புது உயிர் பெறவேண்டும், எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று நாம் ஜெபிக்கிறோம். ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று லூர்து அன்னை ஆலயம் எழுந்தது 1888-இல். அந்தக் காலத்திலிருந்தே இந்த ஊரில் தமிழில் பாவ அறிக்கை கேட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல பாடகர் குழு, நல்ல ஒழுங்கு, உழைப்பு, எல்லாம் நம்மிடம் உண்டு. எபேசு சபைக்கும் இருந்தது. பவுல் மூன்று வருடம் இருந்து கண்ணீரோடு போதித்த சபை அது. அதன் கிரியையையும் பிரயாசத்தையும் பொறுமையையும் வெளிப்படுத்தல் 2-இல் கர்த்தர் மெச்சுகிறார். மெச்சிவிட்டு, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று "உன்பேரில் எனக்குக் குறை உண்டு" என்கிறார். மத்தேயுவில் சகோதரனுக்கு வந்த அதே வார்த்தை! சகோதரனுக்கு என்மேல் இருந்த குறையை நான் பதினைந்து வருடம் மூடி வைத்திருந்தேன். அந்தப் பதினைந்து வருடமும் ஜெபத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். வேலைக் களைப்பு என்பேன், பிரசங்கம் சரியில்லை என்பேன். தேக்காவிலிருந்து வீட்டுக்குப் போன அந்த இரவு முழங்காலில் இருந்து எழுந்திருக்க மனமே வரவில்லை.

இனி ஒன்று. உங்களில் சிலருக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அம்மா போய்விட்டார்கள். மனைவி போய்விட்டாள். உங்களைத்தான் நான் இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். தாவீதும் அப்படித்தான் நின்றார், தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகவைத்தபின். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனைப் பற்றித் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். ஆட்டுக்குட்டிக்கு நாலு கொடுக்கலாம். உரியாவுக்கு எதைக் கொடுப்பது? அவன் கையிலேயே அவன் சாவுக்கான கடிதத்தைக் கொடுத்தனுப்பியாயிற்று. அந்த இடத்தில்தான் அவர் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று கெஞ்சுகிறார். ஆதியாகமம் முதல் வசனத்தில் தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்கிற அதே எபிரெய வினை. பழையதைப் பூசித் தாரும் என்று கேட்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் உண்டாக்குகிறவரிடம் போனார். நீங்களும் போகலாம். அந்தப் பேரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, போங்கள்.

இப்போது காணிக்கை எடுக்கப் போகிறார்கள். ஆயரிடம் முன்பே கேட்டுவிட்டேன். பை உங்கள் வரிசைக்கு வரும்போது உறையைப் போட முடியவில்லை என்றால், அதை இருக்கையிலேயே வைத்துவிட்டு வெளியே போங்கள். வராந்தாவில் இடம் இருக்கிறது, மாடிப்படியிலும் இடம் இருக்கிறது. இங்கே மணி எட்டு, ஊரில் ஐந்தரை, எடுப்பார்கள். பேசிவிட்டு வாருங்கள். நீங்கள் வரும்வரை பாட்டு நடந்துகொண்டிருக்கும்.