அடுத்த தடவை எந்தத் தக்காளி? நாக்கைக் கேட்காதீங்க, கொத்தை எண்ணுங்க

வணக்கங்க. பின்னால சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, எல்ஆர்டி ரயில் போகுது.

போட்ட தக்காளியில எதை மறுபடி போடறது, எதை விட்டுடறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். பொதுவா முதல் பழத்தை வாயில போட்டுப் பார்த்து, இனிப்பா இருந்தா வச்சுக்கறது, இல்லன்னா வேணாம்னு விட்டுடறது. கோலாலம்பூர்ல அது சரியா வராது. ருசியான ரகம் அடுத்த தடவை ஒரு காய்கூட தராம நிக்கும்.

காரணம் ராத்திரிச் சூடுதான். தக்காளிப் பூ நல்லா காய் பிடிக்க ராத்திரி 15லருந்து 21 டிகிரி இருந்தா வசதி. கேமரன் மலையில அது கிடைக்குது, அதான் பாசார்ல வர்ற தக்காளியில பெரும்பங்கு அங்கருந்து வருது. நமக்கு விடியக்காலையிலயே 24 டிகிரி. பகல்ல 33. இந்தச் சூட்டுல மகரந்தம் சரியா உருவாகறதில்ல, பூ காம்போட உதிர்ந்துடுது. அதனால இங்க ஒரு ரகத்தைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீ காய் பிடிப்பியா?" ருசி அப்புறம்.

எப்படிப் பார்க்கறது? முதல் பூங்கொத்தை நம்பாதீங்க. ஒரு வாரம் மழை பெஞ்சு கொஞ்சம் குளுந்தா எந்த ரகமும் முதல் கொத்துல காய் பிடிச்சிடும். மூணாவது, நாலாவது கொத்துல ஒரு நூல் கட்டி விடுங்க. எத்தனை பூ விரிஞ்சதுன்னு எழுதுங்க. பத்து நாள் கழிச்சு பட்டாணி அளவுக்கு வந்த காய் எத்தனைன்னு எண்ணுங்க. செர்ரி வகையில 12 பூவுக்கு 8 காய் நின்னா அது நம்ம வீட்டுச் செடி. பெரிய பழ வகையில ஒரு கொத்துக்கு அஞ்சாறு பூதான் வரும், அதுல ரெண்டு நின்னாலே போதும். ரெண்டு கொத்துலயும் சுழியமா இருந்தா, பழம் தேனா இருந்தாலும் பேரை அடிச்சிடுங்க. இது நான் வச்சிருக்கற அளவுகோல், நீங்க கூட்டிக் குறைச்சுக்கலாம்.

ஆனா அடிக்கறதுக்கு முன்னால ஒரு விசாரணை வேணும். குற்றம் ரகத்துமேலயா, நம்ம மேலயா, மண்ணு மேலயா? பாதிப் பேர் இங்கதான் தவறான தீர்ப்பு எழுதறாங்க.

கோண்டோ பால்கனியில பன்னெண்டாவது மாடின்னு வைங்க. காத்து செடி மேல சரியாப் படாம இருக்கலாம், தேனீயும் அவ்வளவா வராது. தக்காளிப் பூ தானே மகரந்தம் சேர்த்துக்கும், ஆனா யாராவது அசைக்கணும். காலையில எட்டுலருந்து பத்துக்குள்ள, பனி ஈரம் காஞ்சப்புறம், கொத்துக் காம்பை விரலால ரெண்டு தட்டு தட்டுங்க. பேட்டரி பல்துலக்கியோட பின்பக்கத்தைக் காம்புல வச்சா இன்னும் நல்லது. மழை முடிஞ்ச ஈரத்துல மகரந்தம் ஒட்டிக்கும், அப்ப தட்டிப் பிரயோசனமில்ல. தட்டாம விட்டுட்டு "இந்த ரகம் காய்க்கலை"ன்னு சொன்னா அது அநியாயம். இன்னொன்னு, பூ விரியறதுக்கு ஒன்னு ரெண்டு வாரம் முன்னாலயே மொட்டுக்குள்ள மகரந்தம் உருவாகுது. அப்ப அடிச்ச வெயிலோட பாதிப்பு இன்னைக்கு உதிர்வாத் தெரியும். அதனால போன ரெண்டு வாரம் வெயில் எப்படி இருந்ததுன்னும் நோட்டுல பாருங்க.

அடுத்தது நிறம். பழம் சிவக்காம ஆரஞ்சு மஞ்சளா நிக்குது, ரகம் மோசம்னு சிலர் நினைக்கறாங்க. 30 டிகிரிக்கு மேல போனா சிவப்பு நிறமி சரியா உருவாகறதில்ல, அவ்வளவுதான். பழத்தோட அடிப்பக்கம் லேசா இளஞ்சிவப்பு தட்டினதும் பறிச்சு, சமையலறை மேசையில நிழல்ல வைங்க, மூணு நாலு நாள்ல சிவக்கும். ருசி பெருசா குறையாது. வெடிப்பும் கொஞ்சம் கொறையும், பறவை கொத்தறதும் குறையும்.

அடிப்பக்கம் கருகி தோல் மாதிரி ஆயிடுச்சுன்னா அது நோயில்ல. சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேரலை. நீளமான ரகங்கள், ரோமா, சான் மார்சானோ மாதிரி, இதுல சீக்கிரம் மாட்டும். செர்ரிக்கு ரொம்ப அரிது. பெரும்பாலும் காரணம் தண்ணி: ஒருநாள் காஞ்சு மறுநாள் மொண்டு ஊத்தறது. 16 அங்குலப் பாலிபேக்ல மண் சுமார் 15 லிட்டர்தான் பிடிக்கும். காய் ஏறின செடிக்கு வெயில் நாள்ல ஒன்றரை லிட்டர் வேணும், அதை காலையும் மாலையும் பிரிச்சு ஊத்துங்க. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டா அது மக்கிச் சத்தாகறதுக்குள்ள செடியே முடிஞ்சிடும், அதுக்காக ஆம்லெட் போட வேண்டாம். பை பெரிசாகி தண்ணி ஒழுங்கானா ரோமா திருந்திடும். திருந்தலைன்னா விட்டுடுங்க.

இப்ப முக்கியமான ஆளு. பாக்டீரியா வாடல். காலையில பச்சையா இருந்த செடி மதியம் தலை தொங்கும், சாயந்திரம் கொஞ்சம் நிமிரும், நாலு நாள்ல செத்திடும். இலை மஞ்சளாகறதுக்கே நேரம் இருக்காது. சோதனை இப்படி: அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணியில, வெட்டின முனை தண்ணியில லேசா படற மாதிரி தொங்க விடுங்க. சில நிமிஷத்துல பால் நூல் மாதிரி வெள்ளையா இறங்கினா அதேதான். கீழ் இலையிலருந்து மெல்ல மஞ்சளாகி, தண்டைக் கீறினா பழுப்புக் கோடு இருந்தா, அது பியூசேரியம் பூஞ்சை. வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு. மூணுக்கும் வேற வேற முடிவு.

பாக்டீரியா வாடல்னா அந்த மண்ணைத் தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத் திருப்பிப் போடாதீங்க, உரக்குழியிலயும் கொட்டாதீங்க. பூச்சாடியை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணியில கழுவுங்க. ஆனா இதை வச்சு ரகத்தை ஒதுக்கறதா? ஒரு பையில செத்து, புது மண்ணு போட்ட இன்னொரு பையில நிமிர்ந்து நின்னா, அது மண்ணோட குற்றம். அதே மண்ணுல பக்கத்து ரகம் நிக்குது, இது மட்டும் சாயுதுன்னா எதிர்ப்பு இல்லைன்னு அர்த்தம். விதைப் பாக்கெட்டுல ஆங்கில எழுத்துக்கள் இருக்கும்: எஃப் பியூசேரியத்துக்கு, என் நூற்புழுவுக்கு, டிஒய் இலைச்சுருட்டு நச்சுயிரிக்கு, ஆர்எஸ் பாக்டீரியா வாடலுக்கு. நம்ம ஊருக்கு கடைசியாச் சொன்ன ஆர்எஸ்தான் தங்கம்.

ருசி உள்ள ரகத்தையும் விட மனசில்லையா? ஒட்டுக்கட்டுங்க. தைவான்ல இருக்கற உலகக் காய்கறி மையம் வாடலுக்கும் வெள்ளத்துக்கும் கத்தரி வேர்ல தக்காளியை ஒட்டச் சொல்லுது. ஹவாய் 7996ங்கற தக்காளி ரகமும் வேருக்குப் பேர்போனது. நம்ம சுண்டைக்காய், மலாய்க்காரங்க தெரோங் பிப்பிட்னு சொல்றது, அதையும் வேராப் பயன்படுத்தலாம். கத்தரியை ஒரு வாரம் முன்னால விதைக்கணும், சுண்டை மெதுவா வளரும், ரெண்டு மூணு வாரம் முன்னால. தண்டு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் வந்ததும் ரெண்டையும் ஒரே சாய்வுல வெட்டி சிலிக்கான் குழாயில சேர்த்து, மூடின பெட்டிக்குள்ள ஈரமா, இருட்டுல மூணு நாள். அப்புறம் ஒரு வாரத்துல மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு. ஒட்டு மண்ணுக்கு மேலயே இருக்கணும். தக்காளிப் பக்கம் வேர் விட்டு மண்ணைத் தொட்டா ஒட்டு வீண்.

சரி, தீர்ப்பு. சன்கோல்ட், ஆரஞ்சு செர்ரி, மறுபடி போடலாம். தோல் மெல்லிசு, மழை பெஞ்சா வெடிக்கும், அதனால முழுசாப் பழுக்க விடாம பறிங்க. பிளாக் செர்ரியும் அப்படித்தான், இதுக்கு விதை எடுத்து வைக்கலாம். பிராண்டிவைன், செரோக்கி பர்பிள் மாதிரி பெரிய பழ வகை, கொத்து எண்ணிக்கையில நம்ம வெயில்ல அநேகமா தோத்துடும், பை இடத்தை வீணாக்காதீங்க. ரசத்துக்கு புளிப்பு வேணும்னா பெரியகுளத்துல உருவான பிகேஎம் 1, பழம் தட்டையா தோள் பச்சையா இருக்கும். பெங்களூர்ல உருவான அர்கா ரக்ஷக் எஃப்1 கலப்பு, அதாவது ரெண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கின முதல் தலைமுறை. பாக்டீரியா வாடல், இலைச்சுருட்டு, முன் கருகல்ங்கற இலைக்கருகல் நோய் மூணையும் தாங்கற மாதிரி செஞ்சது. ஆனா இந்தியாவுலருந்து வரும்போது பையில விதையைப் போட்டுட்டு வராதீங்க. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாம எல்லையில பிடிப்பாங்க.

எஃப்1 விதையை மறுபடி போட்டா தாய் மாதிரி வராது. சன்கோல்டும் எஃப்1தான். ஆனா நமக்குக் குளிர்காலம் கிடையாதே! இலை இடுக்குல வர்ற பக்கக் கிளையை 15 சென்டிமீட்டர்ல கிள்ளி, கீழ் இலையை எடுத்துட்டு, தண்ணி டம்ளர்ல நிழல்ல வைங்க. ஒரு வாரம், பத்து நாள்ல வேர் வரும். இப்படியே அதே செடியைத் தொடரலாம். இலை சுருண்டு, மொசைக் மாதிரி புள்ளி இருக்கற செடியிலருந்து மட்டும் எடுக்காதீங்க, நச்சுயிரியும் கூடவே வரும்.

கலப்பில்லாத ரகத்துக்கு விதை எடுக்க, நல்லாக் காய்ச்ச செடியோட பழத்தைப் பிழிஞ்சு, சாறோட ஒரு கிண்ணத்துல ரெண்டு நாள் விடுங்க, தினம் ஒரு தடவை கலக்குங்க. நம்ம சூட்டுல மூணாவது நாள் முளைக்க ஆரம்பிச்சிடும். அலசி, பீங்கான் தட்டுல நிழல்ல காய வைங்க. டிஷ்யூல போட்டா ஒட்டிக்கும். சிலிக்கா ஜெல்லோட புட்டியில ஃப்ரிட்ஜுல வச்சா நாலஞ்சு வருஷம் நிக்கும். புட்டியில ரகத்தோட பேர், தேதி, மூணாவது கொத்துக் கணக்கு மூணும் எழுதிடுங்க.

எப்ப போடறது? கேஎல்ல மழை ஏப்ரல்லயும், அக்டோபர் நவம்பர்லயும் தூக்கும், ஜூன் ஜூலை கொஞ்சம் காய்ஞ்சிருக்கும். மார்ச் கடைசியில விதைச்சு, ஒரு மாசம் கழிச்சு பைக்கு மாத்துங்க, ஜூன் கடைசியில பழம் ஆரம்பிக்கும். பினாங்குல ஜனவரி பிப்ரவரிதான் வறண்டிருக்கும், அங்க அக்டோபர் பாதியில விதைங்க. ஏப்ரல் மழையில இளஞ்செடியை மூடாம விட்டா நாத்து அழுகிடும், மேல ஒரு தெளிவான பிளாஸ்டிக் கட்டி விடுங்க, பக்கத்துல காத்து போகற மாதிரி.